பிரிந்த பின் எங்கே குடியிருப்பது? யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த ஒன்பது வீடுகள்

நான் வீடு தேடத் தொடங்கியது 2022ஆம் ஆண்டு ஆனி மாதம். நாடு முழுவதும் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஸ்கூட்டியின் தாங்கியில் மிஞ்சிக் கிடந்த பெட்ரோலை ஆஸ்பத்திரி அவசரத்துக்கென்று விட்டுவைத்துவிட்டு, அம்மாவின் பழைய சைக்கிளில்தான் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்தேன். இப்போது நினைத்தால் அது நல்லதுக்குத்தான் நடந்தது என்று தோன்றுகிறது. சைக்கிளில் போகும்போது ஒழுங்கையின் ஒவ்வொரு படலையும் கண்ணில் படும். எந்த மூலையில் தெருவிளக்கு எரியவில்லை, எந்த வீட்டு நாய் பாய்ந்து வருகிறது, முகப்புக் கடையில் மாலையில் யார் யார் நிற்கிறார்கள் என்பதெல்லாம் தெரியவரும். பார்த்ததை மகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதிக்கொண்டு வந்தேன். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

எங்கள் ஊரின் பெயரை இங்கே சொல்லவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் ஓர் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மகள் பெரியவளானதும் இதைப் படிப்பாள். அவளுடைய அப்பாவைப் பற்றி ஊருக்கு நான் அறிவித்ததாக இது இருக்கக்கூடாது. ஏன் பிரிந்தோம் என்பதும் இங்கே தேவையில்லை. பிரிவதென்று முடிவான பிறகு எனக்குக் கிடைத்த அறிவுரைகள் இரண்டேதான்: பொறுத்துப் போ என்பது ஒன்று, அம்மாவோடு போய் இரு என்பது மற்றது. எந்த இடத்தில், எப்படிப்பட்ட ஒழுங்கையில், யாருக்குப் பக்கத்தில் என்று எவரும் பேசவில்லை. நான் தட்டுத்தடுமாறி அறிந்ததை, இதே நிலையில் வீடு தேடும் ஒரு தங்கைக்குச் சொல்வதாக நினைத்து எழுதுகிறேன்.

முதலில் சொந்த வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இந்தக் கேள்வி மற்ற இடங்களைப் போல வருவதில்லை. வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணின் பெயரில் எழுதப்படுகின்றன. மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்கு வந்து குடியேறுகிறார். ஆகவே பிரிவு வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டவேண்டியவர் பெரும்பாலும் அவர்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. காணி உறுதி என் பெயரில். ஆறு பரப்புக் காணி, அப்பா சவூதியில் உழைத்துக் கட்டிய வீடு. சட்டப்படி பார்த்தால் நான் வாடகை வீடு தேடவேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் அந்தச் சொத்தைக் கையாள்வதென்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை குறுக்கே நிற்கிறது. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் பதிந்த இந்த வழமையும், அதன் பின்னே வந்த 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் சேர்ந்து, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடையாக எழுதவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கின்றன. பிரிந்து இருக்கிறோம் என்பதால் இந்த நிபந்தனை தானாக நீங்கிவிடாது. விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை அவர் சட்டத்தின் முன் கணவர்தான். கணவர் கைவிட்டுப் போயிருந்தால், இருவரும் இணங்கிப் பிரிந்திருந்தால், அல்லது அவர் நியாயமின்றிச் சம்மதம் தர மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம். வழி இருக்கிறது, ஆனால் அது வழக்கறிஞர், தவணை, காத்திருப்பு என்று நீளும் வழி. சீதன வீட்டை விற்றுவிட்டு நகரில் சின்ன வீடு வாங்கிப் போய்விடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ளவேண்டும். நான் அறியாமல் ஒரு காணித் தரகரிடம் பேசி, இரண்டு மாதத்தை வீணாக்கினேன்.

அப்படியானால் விற்காமல் அங்கேயே இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நாலு மாதம் இருந்தேன். எங்கள் கிணறு பங்குக் கிணறு. உறுதியிலேயே கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு என்று எழுதியிருக்கிறது. மற்றப் பங்கு, என் கணவருடைய பெரியம்மாவின் வீட்டுக்கு. காலை ஆறு மணிக்கு நான் மோட்டரைப் போடப் போகும்போது அந்த வீட்டுப் பின்வாசலில் இரண்டு மூன்று பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நிற்கும். தொட்டி நிரம்ப இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரியம்மா என் மகளைத் தூக்கி வளர்த்தவர். என்ன பேசுவதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஒரு நாள் மகள் கேட்டாள்: "அம்மா, பெரிய ஆச்சி இப்போது எங்கள் பக்கம் ஏன் பார்ப்பதில்லை?" அன்றைக்குத்தான் கொப்பியில் முதல் பக்கத்தை எழுதினேன்.

ஆகவே சொந்த வீட்டைப் பற்றி என் கருத்து இது: உங்கள் ஒழுங்கை உங்கள் பக்கத்து உறவுகளின் ஒழுங்கையாக இருந்தால், கிணறும் தனிக் கிணறாக இருந்தால், அசையாதீர்கள். வாடகை இல்லை, பிள்ளைக்குப் பழகிய முற்றம் இருக்கிறது, தேர்தல் இடாப்பில் பெயர் இருக்கிறது, விதானையாரிடம் வதிவிடச் சான்றிதழ் கேட்டால் உடனே கிடைக்கும். நெருங்கிய சொந்தத்துக்குள் கல்யாணம் கட்டியவர்களுக்கும், கணவர் வீடு கூப்பிடு தூரத்தில் உள்ளவர்களுக்கும்தான் அது நாளுக்கு நாள் இறுகும். வீட்டை விட்டுப் போனாலும் பூட்டிப் போட வேண்டாம். பூட்டிய வீட்டில் கூரை ஓடு முதலில் போகும், பிறகு வேலி எல்லை நகரும். என் சித்தி இப்போது அங்கே இருக்கிறார். மாலையில் விளக்கு ஏற்றுகிறார், தென்னைக்குத் தண்ணீர் விடுகிறார்.

அம்மா வீடு எனக்கு இரண்டாவது தெரிவு. அதைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. அம்மா வா என்றார். தங்கச்சிக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த வீடு அவளுக்கு எழுதப்படவிருந்த வீடு. மாப்பிள்ளை வீட்டார் வந்து விறாந்தையில் இருந்து தேநீர் குடிக்கும்போது, நானும் மகளும் அறைக்குள் சத்தமின்றி இருக்கவேண்டியிருந்தது. யாரும் இருக்கச் சொல்லவில்லை. நானே கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்று வாரத்தில் புறப்பட்டுவிட்டேன். கல்யாண வயதில் தங்கையோ, சீதன வீட்டில் குடியேறிய சகோதரியோ இல்லாதவர்களுக்கு அம்மா வீட்டைப் போல இன்னொன்று கிடையாது. எனக்கு அமையவில்லை, அவ்வளவுதான்.

இனி வாடகை வீடுகள். எல்லோரும் முதலில் நல்லூரைத்தான் சொல்வார்கள். நகரத்திலிருந்து சைக்கிள் தூரம், பஸ் வசதி, கோயில் பக்கம், மரியாதையான இடம் என்று காரணங்களும் சொல்வார்கள். உண்மைதான். கோயிலின் வடக்குப் பக்கமாக ஓர் அனெக்ஸ் பார்த்தேன். இரண்டு அறை, தனிக் குசினி, வெளியே தனி வாசல். வீட்டுக்கார அம்மா படலையைத் திறந்ததும் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தார். தாலிக்கொடியை நான் அதற்கு முந்தைய மாதம்தான் வங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தேன். ஒரு மெல்லிய சங்கிலி மட்டும் கிடந்தது. பிறகு மகளைப் பார்த்தார். "அவர் வெளிநாட்டிலா பிள்ளை? கனடாவா, லண்டனா?" என்று கேட்டார்.

தனியாகப் பிள்ளையோடு வரும் பெண்ணைப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் யாரும் கேட்கும் கேள்வி அது. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வீடு கிடைத்திருக்கும். அந்தச் சொல் வாய்வரை வந்தது. ஆனால் இந்தப் பொய்யை ஒரு நாள் சொல்லி முடிக்க முடியாது. கோயிலில் அர்ச்சனைக்கு யார் பெயர், என்ன நட்சத்திரம் என்று ஐயர் கேட்கும்போது, பாடசாலைப் படிவத்தில் தந்தையின் முகவரியை நிரப்பும்போது, தபால்காரர் கேட்கும்போது, தீபாவளிக்கு அவர் ஏன் வரவில்லை என்று பக்கத்து வீட்டார் கேட்கும்போது, ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பச் சொல்லவேண்டும். அதைவிடக் கொடுமை, பிள்ளையையும் அந்தப் பொய்யைச் சொல்லப் பழக்கவேண்டும். நான் உண்மையைச் சொன்னேன். மகன் லண்டனில் இருக்கிறான், கேட்டுச் சொல்கிறேன் என்றார். பிறகு அழைப்பு வரவில்லை.

அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. நல்லூரில் குடியிருப்பவர்களில் பலர் அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பது அவர்களுக்குப் பெரிய விடயம். அதைவிட நல்லூரில் வாடகைக்கு இருப்பவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய இன்னொன்று உண்டு. கந்தசுவாமி கோயில் திருவிழா இருபத்தைந்து நாள். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் போகமுடியாது. வெளிநாட்டிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர்களும் அவர்களின் உறவுகளும் வந்து இறங்குவதும் அப்போதுதான். திருவிழாவுக்கு வீடு வேண்டும், ஒரு மாதம் ஒதுங்கியிருங்கள் என்று கேட்கப்பட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். பிள்ளையோடு தனியே இருப்பவளுக்கு அந்த ஒரு மாதம் எங்கே போவது? ஒப்பந்தத்தில் அதை முன்பே எழுதி வாங்குங்கள்.

சுண்டிக்குளிப் பக்கம் இரண்டு வீடு பார்த்தேன். பழைய பூங்கா, கச்சேரி என்று சொல்லும் மாவட்டச் செயலகம், பெரிய பாடசாலைகள், நிழல் விழும் வீதிகள். பார்த்தவுடன் மனதுக்குப் பிடித்துவிடும். பெண்பிள்ளையைச் சுண்டிக்குளி மகளிர் கல்லூரியிலோ, நகரில் வேம்படியிலோ படிக்கவைப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறெங்கும் இல்லை. எவரும் எதுவும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் உயர்ந்த மதில்கள். இரண்டாவது வீட்டை மாலை ஏழு மணிக்குப் போய் மறுபடி பார்த்தேன். வீதியில் ஒரு மனிதர் இல்லை. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது, சொந்தக்காரர் சுவிஸில். எதிர்வீட்டில் காவலாளி ஒருவர் மட்டும் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். இரவு இரண்டு மணிக்கு நான் கூப்பிட்டால் யார் கதவு திறக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். வாடகையும் என் சம்பளத்தில் பாதியைத் தாண்டியது. ஒரு வருட முற்பணம் கேட்டார்கள். கொப்பியில் அந்தப் பக்கத்தைக் கோடிட்டு அடித்துவிட்டேன்.

அதற்கு நேர்மாறு குருநகரும் பாஷையூரும். என்னோடு வேலை செய்யும் ஒரு அக்கா கத்தோலிக்கர், பாஷையூரில் பிறந்தவர். கணவரைப் பிரிந்ததும் பிறந்த ஊருக்கே போனார். வீட்டுக்கு வீடு ஒட்டிய சுவர், காலையில் மீன் வந்து இறங்கும் இரைச்சல், எந்த நேரமும் வீதியில் ஆட்கள். முதல் ஆறு மாதம் ஊரே பேசியது என்றார். பிறகு ஊரே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது. அவருடைய மகன் பாடசாலை விட்டு வந்து சாப்பிடாமல் இருந்த நாளே இல்லை. எந்த வீட்டிலாவது ஒரு பிடி சோறும் மீன் குழம்பும் கிடைக்கும். திருச்சபை விவாகரத்தை ஏற்பதில்லை, ஆனாலும் பங்குக் கோயிலில் அவரை யாரும் ஒதுக்கவில்லை. அங்கே பிறந்தவர்களுக்கு அது நல்ல இடம். வெளியிலிருந்து போகிறவர்களுக்கு அந்த உரிமை அவ்வளவு சீக்கிரம் வராது. கரையோரத் தாழ்வான பகுதிகளில் கார்த்திகை, மார்கழி மழைக்கு வெள்ளம் வீட்டுக்குள் வருவதையும் கணக்கில் எடுக்கவேண்டும். நாவாந்துறை, பொம்மைவெளிப் பக்கம் குறைந்த வாடகைக்கு வீடு கிடைத்தால் சுவரின் அடியைப் பாருங்கள். போன மழையின் கோடு அங்கே இருக்கும்.

சாவகச்சேரியை ஒரு மச்சாள் சொன்னார். மாமரமும் பலாவும் நிற்கும் பெரிய வளவு, நகரத்து வாடகையில் அரைவாசி கொடுத்தால் போதும். 2000ஆம் ஆண்டுப் போரில் தரைமட்டமாகி மறுபடி எழுந்த ஊர் அது. விழுந்தவரை அங்கே யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எனக்கு வேலை யாழ்ப்பாண நகரத்தில். கண்டி வீதியில் ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர், போக ஒன்று, வர ஒன்று என்று நாளைக்கு இரண்டு பஸ். மகளுக்குக் காய்ச்சல் என்று பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேருவேன். இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்குத் தூரம் ஒரு சிரமம் மட்டும்தான். ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் தூரம் என்பது பிள்ளைக்கு யாருமில்லாத நேரம். வேலை சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிப் பகுதியிலேயே உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகலாம்.

கோப்பாய், நீர்வேலிப் பக்கம் ஒரே ஒரு வீடு. செம்மண் தோட்டங்களுக்கு நடுவே, காற்று நன்றாக வரும் வீடு. தோட்டப் பகுதிகளில் உரம் இறங்கி, கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பது வலிகாமத்தில் நெடுங்காலமாகப் பேசப்படும் விடயம். பால் குடிக்கும் குழந்தைக்கு அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது ஆபத்து. சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை எல்லோருக்கும் தெரியும். கைக்குழந்தையோடு வீடு மாறுபவர்கள் கிணற்று நீரைப் பரிசோதித்துப் பார்க்காமல் முற்பணம் கொடுக்கவேண்டாம். கொழும்பு வெள்ளவத்தையும் ஒரு யோசனையாக வந்தது. அங்கே தமிழில் வாழலாம், யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். வாடகையைக் கேட்டதும் அந்த யோசனை முடிந்தது. மகள் அப்பாவைப் பார்க்க மாதம் ஒரு முறை யாழ்தேவி ரயிலில் வரவேண்டும் என்று நினைத்தபோது, வாடகை குறைவாக இருந்தாலும் போயிருக்கமாட்டேன் என்று தெரிந்தது.

எஞ்சியது திருநெல்வேலியும் கொக்குவிலும். கொப்பியில் ஒன்பதில் நாலு வீடு அங்கேதான்.

திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் 1974இல் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கியது. அன்றிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்து வீட்டுக்காரர்கள் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அறை கொடுத்துப் பழகியவர்கள். மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் முகம் தெரியாதவர்களுக்கு நாற்பது, ஐம்பது வருடமாக வாசல் திறந்தவர்கள் கேட்கும் கேள்விகள் வேறு: எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு செலவாகும், வாடகை எத்தனையாம் திகதி தருவீர்கள், இரவு எத்தனை மணிக்குப் படலை பூட்டலாம். பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்தில் நான் பார்த்த முதல் வீட்டில், கணவரைப் பிரிந்து இருக்கிறேன் என்று சொன்னதும் அந்த ஐயா ஒரு கணம் நிறுத்தி, "அவர் வந்து சண்டை பிடிப்பாரா?" என்று மட்டும் கேட்டார். மாட்டார் என்றேன். "அப்படியென்றால் சரி" என்றார். பிரிந்த பிறகு எனக்குக் கிடைத்த முதல் நேரான கேள்வி அதுதான். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமையும் இருந்தது.

திருநெல்வேலியில் எல்லாம் காலடியில். சந்தையில் காலையில் கீரையும் கத்தரிக்காயும் தோட்டத்திலிருந்து நேராக வந்து இறங்கும். பலாலி வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மருந்துக்கடை, தனியார் வகுப்புகள், தையற்கடை, எல்லாம் நடை தூரம். ஆனால் அந்த வசதிக்கே விலையும் உண்டு. மாணவர் தேவையால் அறைகளுக்குக் கிராக்கி. குடும்பத்துக்கு ஒரு முழு வீடு கொடுப்பதைவிட நாலு அறையாகப் பிரித்துக் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு லாபம். கிடைப்பது பெரும்பாலும் மேல்மாடி, அல்லது குசினியைத் தடுத்துச் செய்த அறை. என் மகளுக்கு ஓடித் திரிய முற்றம் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

அதனால் கொக்குவில். ஆடியபாதம் வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு ஒழுங்கை, மூன்றாவது வீடு. சொந்தக்காரர் கனடாவில், பொறுப்பாக நிற்பவர் அவருடைய அண்ணி, இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். தனிக் கிணறு, தனி மின்சார மீட்டர், பின்னால் ஒரு முருங்கை, முன்னால் எட்டு அடி முற்றம். நகரத்துக்கு நாலு கிலோமீட்டருக்குள். கொக்குவில் ரயில் நிலையம் கிட்ட. மகளின் பாடசாலையை மாற்றத் தேவையில்லை. குறைகளும் இருந்தன. தண்ணீர் சுண்ணாம்பு நீர். கேத்திலின் அடியில் ஒரு மாதத்தில் வெள்ளைப் படை கட்டிவிடும், தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்கவைத்துச் சுரண்டவேண்டும். கொக்குவில், கோண்டாவில் என்றாலே வாள்வெட்டுச் செய்திகளில் வந்த பெயர்கள்தானே என்று மாமா பயமுறுத்தினார். பொய்யில்லை. அதனால்தான் ஒழுங்கையின் கடைசி வீட்டை விட்டுவிட்டு, வாடகை கூடினாலும், கடைக்குக் கிட்ட இருந்த மூன்றாவது வீட்டை எடுத்தேன். கடை இரவு ஒன்பதரை வரை திறந்திருக்கும். வேலை முடிந்து இருட்டில் வரும் நாட்களில் அந்த வெளிச்சம் படலை வரை விழுகிறது.

ஆனால் நான் கொக்குவிலைத் தெரிந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம் வேறு. அங்கே என்னை அரைவாசி தெரியும். என் பாட்டியின் தங்கை ஒருவர் அந்தப் பக்கம் கல்யாணம் கட்டியவர். முகப்புக் கடைக்காரருக்கு எங்கள் ஊரின் பெயரும் அப்பாவின் பெயரும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. எங்கள் ஊரில் நான் எல்லோருக்கும் இன்னாரின் மனைவி. அதனால் ஒவ்வொரு முகத்திலும் அந்தக் கதை எனக்கு முன்னால் போய் நின்றது. சுண்டிக்குளியில் நான் யாருக்கும் யாருமில்லை. அதனால் ஆபத்துக்குக் கூப்பிட ஆளில்லை. கொக்குவிலில் நான் நகரத்தில் வேலை செய்யும், ஒரு பிள்ளையோடு இருக்கும், வாடகையைத் திகதி தவறாமல் கொடுக்கும் ஒரு பெண். இந்த அரைவாசி அறிமுகம்தான் பிரிந்து வந்த பெண்ணுக்கு யாழ்ப்பாணத்தில் வேண்டியது என்று எனக்குப் படுகிறது. உங்களுக்கு அது மானிப்பாயாக இருக்கலாம், உரும்பிராயாக இருக்கலாம். தூரத்துச் சொந்தம் ஒன்று, பழைய ஆசிரியர் ஒருவர், கூடப் படித்த ஒருத்தி என்று ஒரு நூல் இருந்தால் போதும். நெருங்கிய சொந்தங்கள் நடுவில் வேண்டாம். ஒரு நூலும் இல்லாத இடமும் வேண்டாம்.

அவருடைய வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் யோசிக்கவேண்டும். கோபத்தில் இருக்கும்போது எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். நான் ஒரு பஸ் தூரத்தை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்து மகளைக் கூட்டிப்போய் மாலையில் கொண்டுவந்து விடுகிறார். படலையில் நின்று பிள்ளையை வாங்கிக்கொள்கிறேன். அவருக்கு இது சிரமமான தூரமாக இருந்திருந்தால் முதல் வருடம் வந்திருப்பார், இரண்டாம் வருடம் குறைந்திருக்கும். மகளின் ஞாயிற்றுக்கிழமையை என் கோபத்துக்குப் பலிகொடுக்க எனக்கு மனமில்லை.

அடியும் மிரட்டலும் உள்ள வீட்டிலிருந்து வெளியேறுபவர்களுக்கு நான் சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது. அவர்கள் முதலில் பார்க்கவேண்டியது பாதுகாப்பை மட்டும்தான். முற்றமும் வாடகையும் பிறகு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது பன்னிரண்டு மாதம் வரை நிற்கும், அடித்தவர் நீங்கள் இருக்கும் வீட்டுக்குள் வராதபடி தடை போடலாம். பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மகளிர் பணியகம் உண்டு, பிரதேச செயலகத்தில் பெண்கள் விடயத்துக்கென்றே உத்தியோகத்தர் இருப்பார், 1938 என்ற இலக்கத்துக்கு எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு அரைவாசி தெரிந்த இடம்கூட ஆபத்தாகலாம். தெரிந்தவர் ஒருவர் வாய்தவறிச் சொன்னால் போதும்.

ஆண்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் சொந்தப் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, பிரிந்து போய் ஆறு மாதம் நகரத்தில் ஓர் அறையில் இருந்தார். ஆணுக்கு அறை கிடைப்பது சுலபம். பெண்பிள்ளைகள் உள்ள வளவில் வீடு கிடைப்பதுதான் கஷ்டம். அந்த அறையில் ஒரு கட்டிலும் ஒரு மின்விசிறியும் இருந்தன. மகன் பார்க்க வந்தால் இருவரும் கட்டிலில் அருகருகே இருந்து தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு அரியாலையில் ஒரு சின்ன வீடு எடுத்தார், வேம்பு நிற்கும் வளவு. இப்போது பையன் வந்தால் சைக்கிளைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். பிள்ளை உள்ள ஆண்கள் அறையை எடுக்கவேண்டாம். ஒரு பரப்பு வெறும் நிலமாவது உள்ள இடத்தைப் பாருங்கள்.

கொக்குவிலுக்கு நாங்கள் வந்தது ஆவணி மாதம், ஒரு பட்டா வாகனத்தில். ஒரு அலுமாரி, அம்மாவின் தையல் மெஷின், கிரைண்டர், சாமிப் படங்கள், மகளின் மேசை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் பார்த்தார், குடிக்கத் தண்ணீர் தரவா என்று கேட்டார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருடம் மார்கழியில், மழை விட்டு டெங்கு பரவியிருந்த நேரம், நள்ளிரவில் மகளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்றைத் தாண்டியது. நான் விறாந்தை விளக்கைப் போட்டு ஓட்டோவுக்கு அழைத்துக்கொண்டிருந்தேன். படலை திறக்கும் சத்தம் கேட்டது. டோர்ச்சும் கையுமாக அந்த அக்கா நின்றார். விளக்கு எரிவதைப் பார்த்து வந்ததாகச் சொன்னார். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்தான் ஓட்டோவில் ஏறினார். நான் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். போதனா வைத்தியசாலைக்குப் போய்ச் சேரப் பத்து நிமிடம். டெங்கு இல்லை என்று விடியும்போது சொன்னார்கள். திரும்பி வரும்போது ஓட்டோவில் வைத்து, "பிள்ளையின் அப்பாவுக்குச் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். "சொல்லு. அவரும் தேடுவார்" என்றார். எங்கள் கதை அவருக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. ஓட்டோவில் இருந்தபடியே மகளின் அப்பாவுக்கு அழைத்தேன்.

மகள் இப்போது ஐந்தாம் ஆண்டு. புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை இந்த வீட்டை விடுவதில்லை என்று வீட்டுக்காரரின் அண்ணியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்; கனடாவிலிருந்தும் சரி என்று பதில் வந்திருக்கிறது. போன வாரம் சித்தி ஊரிலிருந்து அழைத்து, கிணற்றடி மோட்டர் பழுதாகிவிட்டது, பெரியம்மா வீட்டு மோட்டரிலிருந்து குழாய் இழுத்து எங்கள் தொட்டியை அவர்களே நிரப்பிவிட்டார்கள் என்று சொன்னார்.